இது என்ன தும்பி, உம்மா?



மழை விட்ட பிற்பகல். மலைநாட்டில் வெயில் கொஞ்சம் முகம் காட்டிவிட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியுமா? வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறீர்கள். உங்கள் மகன் ஒரு தும்பியைப் பிடித்து, உங்கள் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நூலை அதன் வாலில் கட்டிப் பறக்க விட்டுக்கொண்டிருக்கிறான். அது நூலின் நீளத்துக்குப் பறந்து, இழுபட்டு, மறுபடியும் கீழே விழுகிறது. சுற்றி நிற்கும் பிள்ளைகள் கை தட்டுகின்றன.

நம்மில் பலர் சிறு வயதில் செய்த விளையாட்டுத்தான். ஆனால் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் வழியில் போகும்போது, குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்ததைக் கண்டு எவ்வளவு கோபம் கொண்டார்கள்! உயிருள்ள ஒன்றை விளையாட்டு இலக்காக ஆக்குபவனை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று எச்சரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பறவைக்குச் சொன்னது பூச்சிக்குப் பொருந்தாதா? ஆகவே முதலில் அந்த நூலை அவிழ்த்து விடச் சொல்லுங்கள். தும்பி கொட்டாது, அதற்குக் கொடுக்கு இல்லை. "கொட்டிவிடும், போடு" என்று பொய் சொல்லிப் பயமுறுத்த வேண்டிய தேவையும் இல்லை.

நூலை அவிழ்த்ததும் மகன் கேட்பான்: "இது என்ன தும்பி, உம்மா?"

"தும்பி தும்பிதான், உள்ளே வா" என்று சொல்லிவிடுவோம். ஆதம் நபி (அலை) அவர்களுக்கு எல்லாவற்றின் பெயர்களும் கற்பிக்கப்பட்ட செய்தியைப் பகரா சூராவில் ஓதுகிற சமுதாயம் நாம். மலக்குகளால் சொல்ல முடியாததை ஆதமின் மக்களின் தந்தை சொன்னார் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் வீட்டு வாசலில் பறக்கும் ஒரு பூச்சியின் பெயரைக் குழந்தை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு அறிவியல் இன்று எப்படிப் பதில் தேடுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் சகோதரிகளுக்கு இதில் தனிப்பட்ட ஒரு பங்கும் இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

விரித்த சிறகும் மடித்த சிறகும்

நாம் பொதுவாகத் தும்பி, தட்டான் என்று சொல்வதில் இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. உடல் தடித்து, உட்கார்ந்த பிறகும் நான்கு சிறகுகளையும் இரு பக்கமும் விரித்தே வைத்திருப்பது ஒன்று. இதன் கண்கள் பெரும்பாலும் தலை உச்சியில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஒரு தொப்பி போலத் தெரியும். மற்றது ஊசித்தும்பி. தையல் ஊசி போல் மெல்லிய உடல். உட்கார்ந்ததும் பெரும்பாலானவை சிறகை முதுகின் மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். கண்கள் விலகி, தலையின் இரு ஓரங்களில் இருக்கும். பறப்பிலும் வேறுபாடு உண்டு. முன்னது காற்றைக் கிழித்துப் பாயும். பின்னது ஒரு புல்லிலிருந்து அடுத்த புல்லுக்குத் தயங்கித் தயங்கிப் போகும்.

அரபியில் தும்பிக்கு யஃஸூப் என்று பெயர். இதே சொல் தேனீக்களின் தலைவிக்கும் வழங்கும் (பழைய அரபிகள் அதைத் தலைவன் என்றே நினைத்தார்கள்). லிஸானுல் அரபில் இந்தச் சொல்லைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வால் நீண்டது, வெட்டுக்கிளியை விடப் பெரியது, உட்கார்ந்தாலும் சிறகுகளைச் சேர்க்காதது என்ற கருத்தில் ஒரு விளக்கம் அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, வெட்டுக்கிளியை விடச் சிறியது என்று இன்னொரு விளக்கமும் இருக்கிறது! சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட அகராதியில், இன்றைய பூச்சியியல் மாணவன் படிக்கும் முதல் அடையாளமே எழுதப்பட்டிருக்கிறது. கூடவே, ஒரே பெயருக்குள் பல உயிர்கள் ஒளிந்திருந்தால் வரும் குழப்பமும் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் குழப்பம் சின்னதல்ல. உலகில் இதுவரை 6,000க்கு மேற்பட்ட தும்பி, ஊசித்தும்பி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் இலங்கையில் மட்டும் 130க்கு மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி, உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. அல்லாஹ் இந்தச் சின்னத் தீவுக்கென்றே படைத்து வைத்தவை. அவற்றிலும் பல, ஈரமான தாழ்நிலக் காடுகளையும் நம் மலைநாட்டு ஓடைகளையும் விட்டு வெளியே போகாதவை.

றம்பொடைக் காப்பித் தோட்டத்திலிருந்து

நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில் றம்பொடையைத் தாண்டியிருப்பீர்கள். நீர்வீழ்ச்சி தெரிந்ததும் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்காதவர்கள் குறைவு. தும்பிகளின் வரலாற்றில் அந்த ஊருக்குப் பெரிய இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீட்னர் என்ற ஜெர்மானியர் அங்கே காப்பித் தோட்டக்காரராக இருந்தார். காப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861இல் ஒரு நூல் எழுதியவர். அவர் றம்பொடையில் பிடித்த பூச்சிகளைப் பெட்டியில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாகன் என்ற அறிஞர் அவற்றைப் பரிசோதித்து, 1858இல் இலங்கைத் தும்பிகளைப் பற்றி எழுதினார். இலங்கைத் தும்பிகளின் முதல் பட்டியல்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

நீட்னர் பெயரில் இன்றும் தும்பி உண்டு: ஹீலியோகோம்பஸ் நீட்னெரி. பூண்டுலோயாவில் தோட்டக்காரராக இருந்து பிறகு அரசாங்கப் பூச்சியியல் அதிகாரியான கிரீன் பெயரிலும் உண்டு: லிபெல்லாகோ கிரீனி. துரைமார் பெயரெல்லாம் தும்பியின் சிறகில் ஏறிவிட்டது. அதே ஓடைக்கரையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முதுகு வளைந்து வேலை செய்த, அந்தத் தும்பிகளை அனைவருக்கும் முன்பு பார்த்த பெண்களின் பெயர் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நீட்னர் காலத்தில் மலையின் பெரும்பகுதியில் காடு இருந்தது. காப்பிக்காக அது வெட்டப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கி வைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இன்று நாம் பார்க்கும் பச்சை மலைகள் அப்படி வந்தவை. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் நிழலில் மட்டும் வாழப் பழகிய ஒரு ஊசித்தும்பிக்குத் தேயிலை மலை என்பது வெட்டவெளிப் பாலைவனம்.

மலைநாட்டு ஓடைகளில் செலோனோஸ்டிக்டா என்ற ஊசித்தும்பிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட இனங்கள், அத்தனையும் இலங்கைக்கே உரியவை. ஒன்றின் பெயர் அடாமி, ஒன்றின் பெயர் மொன்டானா, இன்னொன்று மறுபடியும் நீட்னெரி! கறுத்த உடல். பலவற்றுக்கு வால் நுனியை அடுத்து வெளிர் நீலத்தில் ஒரு பட்டை. காட்டோடையின் இருண்ட நிழலில், தண்ணீர் சொட்டும் வேரிலோ பெரணியிலோ தொங்கிக்கொண்டிருக்கும். நிழலை விட்டு வெளியே வராது. ஆகவே ஒரு பள்ளத்தாக்கில் இருப்பது அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவது அரிது. காலங்காலமாக இப்படிப் பிரிந்தே இருந்ததால்தான் இத்தனை சிறிய தீவில் இத்தனை இனங்கள். ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும். ஆணின் வால் நுனியில் இருக்கும் கொறடு போன்ற உறுப்பின் வளைவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் அறிஞர்களும் இனம் பிரிப்பார்கள்.

கண் ஏன் போதாது?

அடுக்களையில் சீரகத்தையும் பெருஞ்சீரகத்தையும் ஓமத்தையும் ஒரு தட்டில் கலந்து கொட்டினால் நீங்கள் பிரித்து விடுவீர்கள். சந்தேகம் வந்தால் விரலில் நசுக்கி முகர்ந்து பார்ப்பீர்கள். புதிதாகச் சமைக்க வந்த பெண்ணுக்கு அது முடியாது. தும்பியிலும் அப்படித்தான், தேர்ந்த கண்ணுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி தேர்ந்த கண்ணுக்கும் தீராது.

ஒரே இனத்தில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம். புழுத்தோலைக் கழற்றி வந்த முதல் நாளில் ஒரு நிறம், சில நாள் கழித்து வேறு நிறம். ஆணின் கொறடு பெண்ணுக்குக் கிடையாது, ஆகவே பெண் மட்டும் கிடைத்தால் பெயர் சொல்வது கடினம். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், தும்பியின் வாழ்நாளில் பெரும்பகுதி நம் கண்ணில் படுவதே இல்லை. அது தண்ணீருக்குள் இருக்கிறது! தாய்த்தும்பி தண்ணீரிலோ தண்ணீரை ஒட்டிய செடியிலோ முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுப்புழு மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், ஓடைக் கல்லுக்கு அடியில் சேறு போல் கிடந்து வளரும். நுளம்புப் புழுக்களைத் தின்னும். ஊசித்தும்பியின் புழுவுக்கு வால் பக்கத்தில் இலை போன்ற மூன்று செவுள்கள் இருக்கும். பிறகு ஒரு நாள் தண்டொன்றில் ஏறி, முதுகு வெடித்து, தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிறகோடு வெளியே வரும். சுப்ஹானல்லாஹ்! தண்ணீரில் இருந்த அந்தப் புழுவைப் பார்த்து, இன்ன தும்பியின் பிள்ளை இது என்று எந்தக் கண்ணால் சொல்வது?

ஓர் ஆயத்தைக் கேட்டு சூராவைச் சொல்வது போல

இங்கேதான் டி.என்.ஏ. வருகிறது. அதை நம் ஹிஃப்ழு மத்ரஸாவை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

உங்கள் பிள்ளை ஹிஃப்ழு ஓதுகிறானா? அவனுடைய உஸ்தாத் எங்கிருந்தோ ஓர் ஆயத்தின் ஒரு துண்டை மட்டும் ஓதிக் காட்டி, "இது எந்த சூரா?" என்று கேட்பார். முழுக் குர்ஆனையும் ஓத வேண்டியதில்லை. அந்தத் துண்டு போதும், பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். ஏனென்றால் மற்ற எல்லா சூராக்களும் ஏற்கனவே அவன் நெஞ்சில் இருக்கின்றன.

உயிர்களின் உடலணு ஒவ்வொன்றிலும் ஒரு நீண்ட எழுத்துச் சரம் இருக்கிறது. ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள். அவை மாறி மாறி அடுக்கப்பட்ட முறையில்தான் ஓர் உயிரின் அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. முழுவதையும் படிப்பது பெரும் செலவு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் ஒரு யோசனை சொன்னார்கள். எல்லா விலங்குகளிலும் இருக்கும் ஒரே ஒரு மரபணுவின் ஒரு துண்டை, ஏறத்தாழ 650 எழுத்துகளை, மட்டும் படிப்போம். அது இனத்துக்கு இனம் வேறுபடும், ஓர் இனத்துக்குள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கடையில் பால்மா பெட்டியின் பின்புறம் கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவே, காசாளர் அதைக் கருவியில் காட்டியதும் பெயரும் விலையும் வருகிறதே, அதைப் போல. ஆகவே இதற்கு டி.என்.ஏ. பார்கோட் என்றே பெயர் வைத்தார்கள்.

செய்முறை இதுதான். தும்பியின் ஆறு கால்களில் ஒன்றை மட்டும் எடுத்து மதுசாரத்தில் போட்டு வைப்பார்கள். ஆய்வுகூடத்தில் அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிப்பார்கள். பிறகு பி.சி.ஆர். முறையில் அந்தத் துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்குவார்கள். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர்.தான்! அதன் பின் எழுத்துகளை வரிசையாகப் படித்து, ஏற்கனவே பெயர் தெரிந்த தும்பிகளின் எழுத்துகளோடு கணினியில் ஒப்பிடுவார்கள். ஓடையில் எடுத்த புழுவின் எழுத்தும் மேலே பறந்த தும்பியின் எழுத்தும் ஒத்துவந்தால், தாயும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள். பெயர் தெரியாத பெண்ணை அதன் இனத்து ஆணோடு சேர்ப்பதும் இப்படித்தான்.

காலைப் பிடுங்குவது வதையல்லவா என்று சில சகோதரிகளுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. ஒரு காலை இழந்த தும்பி தொடர்ந்து பறந்து இரை தேடுகிறது, ஆகவே பல ஆய்வுகளில் அப்படி எடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். புழு கழற்றிப் போட்ட வெறும் தோலிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்க முடியும், அதில் எந்த உயிருக்கும் நோவில்லை. புதிய இனம் என்று அறிவிக்க வேண்டுமானால் மாத்திரம் முழு உடலையும் அருங்காட்சியகத்தில் சேமிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இவற்றைப் பிடித்து ஆராய்வதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பயனுள்ள அறிவுக்காக, தேவையின் அளவுக்கு, அனுமதியோடு செய்வது வேறு. தையல் நூல் கட்டிக் கை தட்டுவது வேறு. என் சிற்றறிவுக்கு எட்டியது இது.

தாயிடம் கொடுக்கப்பட்ட ஏடு

பெண்களுக்கான பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த 650 எழுத்துகளும் உடலணுவின் கருவுக்குள் இல்லை. அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்ற சின்னப் பையில் இருக்கின்றன. அந்தப் பை, பொதுவாக, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தும்பியிலும் அப்படித்தான், மனிதரிலும் அப்படித்தான். உங்கள் உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது, அவர் உங்களுக்குக் கொடுத்தது, நீங்கள் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் கொடுத்தது. மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டான். மகள்தான் கொடுப்பாள்.

நம் மார்க்கத்தில் பிள்ளையைத் தந்தை பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். அஹ்ஸாப் சூரா அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். ஆனால் ஓர் உயிர் எந்த இனம் என்று உலகம் கேட்கும்போது காட்டுகிற சீட்டை, படைத்தவன் தாயின் கையில் கொடுத்து வைத்திருக்கிறான். அடுப்படியில் வேகிறோமே, நம்மால் என்ன பயன் என்று சலித்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

அறிவிப்பாளர் சரியில்லை என்றால்?

எந்தப் புதுக் கருவியைக் கண்டாலும் அதுவே எல்லாம் என்று நினைத்துவிடுகிறோம். பார்கோடுக்கும் குறை உண்டு. இரண்டு குறைகள் முக்கியமானவை, இரண்டும் நம் கல்வியில் நாம் ஏற்கனவே அறிந்தவை.

ஹதீஸ் கற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மத்னு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் ஸனதைப் பார்ப்பார்கள். யார் யாரிடம் கேட்டார்? அவர் நம்பகமானவரா? தும்பியின் எழுத்தைக் கணினியில் ஒப்பிடும்போது அங்கே ஏற்கனவே இருக்கிற எழுத்துக்குப் பெயர் வைத்தவர் யார்? எந்த ஓடையில், எந்தத் தேதியில் பிடித்தார்? அந்த உடல் எங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது? முதலில் வைத்தவர் பெயரைத் தவறாக வைத்திருந்தால், பிறகு ஒப்பிடுகிற எல்லாரும் அதே தவற்றைத் திருப்பிச் சொல்வார்கள். கணினி பொய் சொல்லாது, ஆனால் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும். ஆகவே ஓடைக்கரையில் முழங்காலிட்டுப் பார்க்கத் தெரிந்த பழைய பாணி அறிஞர் இல்லாமல் இந்தப் புதிய முறை நடக்காது.

இரண்டாவது குறையை ஹாஃபிழ்கள் நன்கு அறிவார்கள். வாக்களிக்கப்பட்டது எப்போது வரும் என்று நிராகரிப்பவர்கள் கேட்பதைச் சொல்லும் ஆயத் ஒன்று, யூனுஸ், அன்பியா, நம்ல், ஸபஉ, யாஸீன், முல்க் ஆகிய ஆறு சூராக்களில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வருகிறது. உஸ்தாத் அதை மட்டும் ஓதி எந்த சூரா என்று கேட்டால் எந்த ஹாஃபிழும் அடுத்த ஆயத்தைக் கேட்காமல் சொல்ல முடியாது. தும்பிகளிலும் இப்படி உண்டு. ஐரோப்பாவில் கோயனாக்ரியான் புவெல்லா, கோயனாக்ரியான் புல்கெல்லம் என்ற இரு ஊசித்தும்பிகள் கண்ணுக்கு வேறு வேறு இனங்கள், ஆனால் அவற்றின் பார்கோட் ஒன்றாக இருப்பதைக் கண்டார்கள். தாய்வழி ஏடு மட்டும் என்பதால், இரண்டு இனங்கள் கலந்து பிறந்த பிள்ளையிலும் தாயின் இனம் மட்டுமே தெரியும். எனவே கவனமான ஆய்வாளர்கள் உயிரணுவின் கருவில் இருந்து வேறு மரபணுக்களையும் படிப்பார்கள், உடலமைப்பையும் பார்ப்பார்கள். ஒரு சாட்சியோடு தீர்ப்புச் சொல்வதில்லை.

வேறொருவர் குடும்பப் பதிவில்

நம் மலைநாட்டு நிழல் ஊசித்தும்பிகளின் கதையே இதற்குச் சான்று. 1931இல் ஃபிரேசர் என்ற ஆங்கிலேய அறிஞர் இவற்றில் ஒன்றுக்குச் செலோனோஸ்டிக்டா என்ற பேரினப் பெயரை வைத்தார். பிறகு வந்தவர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் பரவியுள்ள டிரெபனோஸ்டிக்டா என்ற பேரினத்துக்குள் இவற்றையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். பார்வைக்கு ஒத்திருந்தன, ஆகவே ஒன்றாக எழுதினார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே போயிற்று.

2016இல் ஸ்லோவேனிய நாட்டைச் சேர்ந்த மாட்யாஸ் பெட்யானிச்சும் அவருடைய தோழர்களும் இலங்கையின் இந்தக் குடும்பம் முழுவதையும் உடலமைப்பாலும் டி.என்.ஏ.யாலும் ஆராய்ந்து ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். எழுத்துகளைப் படித்துப் பார்த்தபோது இலங்கை ஊசித்தும்பிகள் தனி ஒரு கிளையாக நின்றன. அந்த வெளிநாட்டுக் குடும்பத்தில் அவை பிறக்கவில்லை! செலோனோஸ்டிக்டா என்ற பழைய பெயர் மீண்டும் உயிர் பெற்றது. அதே ஆய்வில், அதுவரை பெயரே இல்லாதிருந்த சில இனங்களுக்கும் பெயர் வைக்கப்பட்டது.

தன் பிள்ளை வேறொருவர் குடும்பப் பதிவில் இருந்தால் என்ன ஆகும் என்று மலையக மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டங்களில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பலர் காத்திருந்தார்கள். பதிவில் இல்லாதவருக்கு உரிமை இல்லை. பூச்சிக்கும் அதே கதைதான். பட்டியலில் பெயர் இல்லாத இனத்தைச் சட்டம் காப்பாற்றாது. ஓடையை மறித்துக் கட்டடம் கட்ட வருபவர், "இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இதே முறை நேர் எதிரான ஒரு செய்தியையும் சொல்லியிருக்கிறது. மழைக்கால முடிவில் மைதானத்துக்கு மேலே மஞ்சள் கலந்த தும்பிகள் கூட்டங்கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்டாலா ஃபிளாவெசென்ஸ் என்று பெயர். இவை இந்தியாவிலிருந்து மாலைதீவைத் தாண்டி, இந்து சமுத்திரத்தையே கடந்து ஆபிரிக்காவுக்குப் போகின்றன என்று மாலைதீவில் வாழ்ந்த சார்ள்ஸ் அண்டர்சன் என்பவர் 2009இல் எழுதினார். 2016இல் பல கண்டங்களிலிருந்து எடுத்த இவற்றின் எழுத்துகளை ஒப்பிட்டபோது, அவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உலகம் முழுவதும் ஒரே குடும்பமாகக் கலந்து வாழ்கின்றன என்று அந்த ஆய்வு சொன்னது. கடல் கடக்கும் தும்பிக்கு ஆபிரிக்காவில் உறவு. நிழலில் தொங்கும் ஊசித்தும்பிக்கு அடுத்த மலையே அந்நிய தேசம். இரண்டும் ஒரே ஓடைக்கரையில் இருக்கின்றன.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்

பெயர் சரியாகப் பதிந்திருந்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். சிங்ஹலெஸ்டெஸ் ஓரியன்டாலிஸ் என்பது மரகதப் பச்சை உடலுள்ள ஓர் ஊசித்தும்பி. இலங்கைக்கு மட்டுமே உரியது. 1862இல் அறிவியல் ஏட்டில் ஏறியது. அதன் பின் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். காடு போய்த் தேயிலை வந்த நாட்டில் அப்படி எண்ணுவதில் ஆச்சரியம் என்ன? ஆனால் 2012இல், பாவா ஆதம் மலையைச் சுற்றிய காப்புக்காட்டில், இலங்கை இளைஞர்களான இயற்கை ஆய்வாளர்கள் அதை மீண்டும் கண்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒருவர் அதன் அடையாளத்தைக் கவனமாக எழுதி வைத்திருந்ததால்தான், கண்டது இன்னது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. (அந்த மலை ஆதம் நபியோடு எவ்வாறு தொடர்புபட்டது என்பதில் தஃப்ஸீர்களில் பலவிதச் செய்திகள் உள்ளன. அதற்குள் இப்போது போக வேண்டாம்.)

அந்தக் காப்புக்காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலை மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அங்குள்ள ஓடைகளுக்கு ஓரளவு காவல் உண்டு. காவல் இல்லாதவை, தோட்டங்களுக்கு நடுவே இரண்டு மலைச்சரிவுகள் சேரும் இடத்தில், வெட்டப்படாமல் மிஞ்சிய நாலு மரத்தின் நிழலில் ஓடும் சின்ன ஓடைகள். பீலிக்குத் தண்ணீர் வருவதும் அங்கிருந்துதான். அந்த நாலு மரமும் விறகுக்குப் போனால் நிழல் போகும், நிழல் போனால் ஊசித்தும்பியும் போகும். களைநாசினி அடித்த தெளிகருவியை அந்த ஓடையில் கழுவினாலும், சவர்க்கார நுரை முழுவதையும் அதில் விட்டாலும், முதலில் சாவது கல்லுக்கு அடியில் இருக்கும் புழுதான். அதே தண்ணீரைத்தான் கீழ் லயத்தில் உள்ளவர்கள் குடத்தில் பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் இருக்கும் சகோதரிகள் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அப்படி ஓர் ஓடைக்குப் போய்ப் பாருங்கள். முற்பகல் நல்ல நேரம். அட்டைக்குக் கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும். வெயில் படும் இடத்தில் சிறகு விரித்து உட்கார்ந்திருப்பவற்றைப் பிள்ளைகளே முதலில் காட்டும். அவற்றைத் தாண்டி, மரத்தடியில், பெரணி நுனியில், நிழல் மிகவும் கறுத்திருக்கும் இடத்தில் கண்ணைப் பழக்குங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கறுப்பு நூல் போல, அதன் நுனியில் நீலப் பொட்டு வைத்தது போல ஒன்று தொங்குவது தெரியும். பிடிக்க வேண்டாம். கைபேசியில் ஒரு படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து, பிள்ளையின் விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள்.

மகன் அப்போதும் கேட்பான், "இது என்ன தும்பி, உம்மா?" செலோனோஸ்டிக்டாவில் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். எது என்று அதன் தாய் கொடுத்த எழுத்தைப் படித்துப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.